பாஸ்டன் பேரேட்டில் பெயர் ஏறாதவர்கள்

1991 முதல் 2025 வரை பாஸ்டன் மாரத்தானின் ஆண்கள் ஓட்டம் 34 முறை நடந்திருக்கிறது. 2020-இல் மட்டும் கொரோனாவால் நின்றுபோனது. அந்த 34 வெற்றிகளில் கென்யாவுக்கு 25, எத்தியோப்பியாவுக்கு 6, தென் கொரியா, அமெரிக்கா, ஜப்பான் மூன்றுக்கும் ஒவ்வொன்று. மாரத்தானை ஓரளவு கவனிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையத் தெரிந்திருக்கும். அடுத்த கேள்விக்குத்தான் சட்டென்று பதில் வராது. அந்த 25 வெற்றிகளும் எத்தனை பேருடையவை?

17 பேருடையவை. காஸ்மாஸ் என்டெட்டி தொடர்ந்து மூன்று முறை வென்றார். ராபர்ட் கிப்கோயெச் செருயோட் நான்கு முறை. 2010-இல் 2:05:52 என்று தடச் சாதனை படைத்த ராபர்ட் கிப்ரோனோ செருயோட் வேறு ஆள். எலைஜா லகாட், வெஸ்லி கோரிர் இருவரும் பின்னாளில் கென்ய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆனார்கள். 2025-இல் 2:04:45-இல் வென்ற ஜான் கோரிர், அந்த வெஸ்லியின் தம்பி. அண்ணன் தம்பி இருவரும் பாஸ்டனை வென்றது அதுவே முதல் முறை. இத்தனை வாழ்க்கைகளையும் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் 'கென்யர் வெற்றி' என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுகின்றன.

இதில் இனப் பாகுபாடு இருக்கிறதா, இல்லை, எந்த நாட்டுப் பத்திரிகையும் சொந்த ஊர்க்காரரைத் தேடுவது போன்ற இயல்பான பாசம்தானா? இந்த வாதம் அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஓடுகிறது. இரண்டு தரப்பும் ஒன்றின் மேல் ஒன்று கோபப்படுகிறதே தவிர, கணக்கை விரித்துப் பார்ப்பதில்லை. விரித்துப் பார்க்க வழி உண்டு. ஒரு அம்சம் மட்டும் மாறி மற்றவை ஒத்திருக்கும் இணைகளைத் தேடிப் பிடித்து ஒப்பிட வேண்டும். அப்படிச் சில இணைகள் கிடைக்கின்றன.

முதல் இணை நியூயார்க்கில். 2009 நவம்பர் 1 அன்று மெப் கெஃப்லெஸிகி 2:09:15-இல் நியூயார்க் மாரத்தானை வென்றார். ஆண்கள் பிரிவில் ஓர் அமெரிக்கர் அதை வென்று 27 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1982-இல் கடைசியாக வென்றவர் ஆல்பெர்டோ சலஸார். மறுநாளே சிஎன்பிசியின் விளையாட்டு வணிகச் செய்தியாளர் ஒருவர், இது கேட்பதற்கு இருக்கும் அளவுக்குப் பெரிய வெற்றி இல்லை என்று எழுதினார். மெப் எரித்ரியாவில் பிறந்தவர், குடியுரிமையால் மட்டுமே அமெரிக்கர், அணி ஜெயிப்பதற்காக வெளியிலிருந்து கூட்டிவரப்பட்ட ஆள் போன்றவர் என்பது அவர் வாதம். எதிர்ப்பு குவிந்ததும் அடுத்த நாளே மன்னிப்புக் கேட்டார். அதை மனமாரக் கேட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு முக்கியம் அந்தத் தனி மனிதர் அல்ல, அந்த வாதம் கையில் எடுத்த அளவுகோல்.

அந்த அளவுகோலை இருவர் மேலும் வைத்துப் பார்ப்போம். சலஸார் பிறந்தது 1958-இல் கியூபாவின் ஹவானாவில். அமெரிக்காவுக்கு வந்தபோது வயது 2. மெப் 1975-இல் பிறந்தவர், வந்தபோது வயது 12, குடியுரிமை பெற்றது 1998-இல். அதாவது நியூயார்க்கில் ஜெயித்தபோது அவர் அமெரிக்கக் குடிமகனாகி 11 ஆண்டுகள், அந்த மண்ணில் வாழத் தொடங்கி 22 ஆண்டுகள். ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வெள்ளி வாங்கி 5 ஆண்டுகள். 'வெளியில் பிறந்தவர் வெற்றி கணக்கில் சேராது' என்றால், 27 ஆண்டு இடைவெளி என்ற எண்ணே பொய்யாகிவிடும். அந்த இடைவெளி தொடங்குவதே ஹவானாவில் பிறந்த ஒருவரிடமிருந்துதான்.

இரண்டு வயதில் வந்தவரும் பன்னிரண்டு வயதில் வந்தவரும் ஒன்றல்ல என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான பேச்சுதான். ஆனால் ஓட்டம் எங்கே கற்றது என்று பார்த்தால் அந்தப் பத்து வருஷமும் கரைந்துவிடுகிறது. மெப் ஓடத் தொடங்கியது சான் டியேகோவின் ஒரு பள்ளியில், ஏழாம் வகுப்பு உடற்பயிற்சிப் பாடவேளையில். நல்ல மதிப்பெண்ணுக்காகவும் ஒரு டி-ஷர்ட்டுக்காகவும் ஒரு மைல் தூரத்தை 5 நிமிடம் 20 விநாடியில் ஓடினார். அதன்பின் கல்லூரி ஓட்டம், பயிற்சியாளர், ஒலிம்பிக் தகுதி எல்லாமே அங்கேதான். எரித்ரியாவிலிருந்து போர்க்காலத்தில் தப்பி வந்த குடும்பம் அது. அந்தப் பையன் ஒரு ஓட்டக்காரனாக முழுக்க முழுக்க அமெரிக்கப் பள்ளிக்கூடத்தின் விளைச்சல். இருவர் கையிலும் ஒரே பாஸ்போர்ட், இருவரும் வெளியில் பிறந்தவர்கள். பிறந்த ஊர்க் கேள்வி கிளம்பியது ஒருவரிடம் மட்டும். இதை நாட்டுப் பற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடி ஒன்றாக இருந்தும் கேள்வி வேறுபட்டால், அந்த வேறுபாட்டின் பெயர் இனம்.

அதே மெப் 2014 ஏப்ரல் 21 அன்று பாஸ்டனில் 2:08:37-இல் வென்றார். முந்தைய ஆண்டு பந்தய முடிவுக்கோட்டருகே வெடித்த குண்டுகளில் 3 பேர் இறந்து, 260-க்கும் மேற்பட்டோர் காயமடைந்திருந்தார்கள். மெப் தன் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டையின் நான்கு மூலைகளிலும் மார்க்கர் பேனாவால் நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு ஓடினார். குண்டில் இறந்த மூவர், பிறகு அதே வாரம் கொல்லப்பட்ட காவலர் ஒருவர். 39 வயதுக்கு இரண்டு வாரம் இருந்தது. இரண்டாவதாக வந்த வில்சன் செபெட்டை விட 11 விநாடி மட்டுமே முன்னால். 1983-க்குப் பின் பாஸ்டனை வென்ற முதல் அமெரிக்க ஆண் என்று நாடே கொண்டாடியது. பிறந்த ஊர்க் கேள்வியை அப்போது யாரும் பெரிதாக எழுப்பவில்லை. ஐந்தே வருஷத்தில் கேள்வி அடங்கியதற்கு, 2009-இல் எழுந்த கண்டனமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது இணை 2018. அந்த ஆண்டு பாஸ்டனில் கொட்டும் மழை, எதிர்க்காற்று, உறையவைக்கும் குளிர். ஆண்களில் வென்றவர் ஜப்பானின் யூகி கவாவுச்சி, 2:15:58. இரண்டாவதாக வந்தவர் கென்யாவின் ஜெஃப்ரி கிருயி, 2:18:23. இருவருமே அமெரிக்கர்களுக்கு அயல்நாட்டார். கவாவுச்சி சைத்தாமா மாகாணப் பள்ளி ஒன்றில் அலுவலக வேலை பார்க்கும் அரசு ஊழியர், வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஓடுபவர், முதல் மைலையே 4 நிமிடம் 37 விநாடியில் வெறிகொண்டு ஓடியவர் என்பதெல்லாம் மறுநாள் காலைக்குள் உலகுக்குத் தெரிந்துவிட்டது. அருமையான கதை, எழுத வேண்டிய கதை. கிருயி அந்த நேரத்தில் முந்தைய ஆண்டின் பாஸ்டன் வெற்றியாளர், 2017 லண்டன் உலகச் சாம்பியனும்கூட. அவர் யாரிடம் பயிற்சி எடுத்தார், அந்தக் குளிரில் எந்த இடத்தில் தளர்ந்தார் என்று வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

'கென்யர்கள் அடிக்கடி ஜெயிக்கிறார்கள், அதில் செய்தி இல்லை. ஜப்பானியர் அபூர்வம், அதனால் செய்தி' என்பார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அபூர்வமானதைத் தேடுவது செய்தியின் இயல்பு. ஆகவே கவாவுச்சி, கிருயி இணையை வைத்து மட்டும் நான் இனப் பாகுபாடு என்று முத்திரை குத்த மாட்டேன். ஆனால் 'தெரியாத ஓட்டக்காரரைப் பற்றி ஒரே இரவில் என்னத்தை எழுதுவது' என்ற சமாதானம் மட்டும் அன்றே உடைந்துபோனது. பெண்கள் பிரிவில் டெஸ் லிண்டன் 2:39:54-இல் வென்றார். 33 ஆண்டுக்குப் பின் ஓர் அமெரிக்கப் பெண். இரண்டாவதாக 2:44:04-இல் வந்தவர் யாரென்று அங்கிருந்தவர்களுக்கே தெரியவில்லை. அப்போது அரிசோனாவில் முழுநேர வேலை பார்த்துவந்த மயக்கவியல் செவிலியர் அவர். அவர் வேலை, பயிற்சி நேரம், குடும்பம் எல்லாவற்றையும் நிருபர்கள் ஒரு நாளைக்குள் தோண்டி எடுத்துவிட்டார்கள். எடுக்க முடியும் என்பது நிரூபணம் ஆயிற்று. உலகச் சாம்பியனுக்கும் அந்த உழைப்பில் பாதி கிடைத்திருக்கலாம்.

தோண்டாத இடத்தை நிரப்புவதற்கு ஒரு தயார்க் கதை எப்போதும் கையில் இருக்கிறது: மலைப்பிரதேசம், வெறுங்கால், பள்ளிக்கு ஓடிய சிறுவன், பிறவி உடல்வாகு. இதில் கொஞ்சம் நிஜம் உண்டு. கென்யாவின் இட்டென் நகரம் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் வாழ்வது உடலுக்கு உதவத்தான் செய்கிறது. 2019 கணக்கெடுப்பின்படி கென்ய மக்களில் 13 சதவீதம் அளவே உள்ள கலெஞ்சின் இனத்தவர், அந்த நாட்டின் நெடுந்தூர வெற்றிகளில் பெரும்பங்கைக் கொண்டுவந்தவர்கள். ஆனால் இந்தக் கதையை அப்படியே எல்லார் மேலும் போர்த்தினால் ஆட்கள் காணாமல் போய்விடுகிறார்கள். மூன்று முறை ஜெயித்த என்டெட்டி கலெஞ்சின் அல்ல, மச்சாக்கோஸ் பக்கத்துக் கம்பா இனத்தவர். 1993 வெற்றிக்குச் சற்று முன் பிறந்த மகனுக்கு 'பாஸ்டன்' என்றே பெயர் சேர்த்தவர். லகாட்டோ உடல் எடையைக் குறைக்க ஓடத் தொடங்கியவர். வளர்ந்த ஆளாகிப் பருமனாகி, அதன்பின் ஓடி, 2000-இல் பாஸ்டனில் 2:09:47-இல் முடித்தார். இரண்டாவதாக வந்த எத்தியோப்பியர் கெசஹெக்னே அபெராவுக்கும் அதே 2:09:47. கண்ணால் பிரிக்க முடியாத நெருக்கம். 'பிறவி ஓட்டக்காரர்' என்ற தொடர் லகாட்டின் உழைப்பைத் துடைத்து எறிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் புதிதல்ல. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு 2:15:16-இல் வென்றார். 1964 டோக்கியோவில் காலணி அணிந்து 2:12:11-இல் வென்றார். அது உலகச் சாதனை. இரண்டாவதாக வந்தவர் நான்கு நிமிடத்துக்கும் மேலே பின்தங்கியிருந்தார். அதுவும் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூடச் சரியாக ஆகாத உடம்பு. இரண்டில் எது பெரிய ஓட்டம் என்று ஓடத் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது வெறுங்காலை.

உடம்பைப் பாராட்டி மூளையை மறப்பதற்குக் கால்பந்தில் ஓர் எண்ணிக்கை உண்டு. இங்கிலாந்தின் தொழில்முறை வீரர்கள் சங்கத்துடன் சேர்ந்து ரன்ரிபீட் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களில் வர்ணனையாளர்கள் சொன்ன 2,073 கூற்றுகளை எண்ணியது. புத்திசாலித்தனத்துக்கான பாராட்டில் 62.6 சதவீதம் வெளிர்நிற வீரர்களுக்குப் போயிருந்தது. உடல் வலிமையைப் பற்றிப் பேசும் வாய்ப்போ, கருநிற வீரர் என்றால் 6.59 மடங்கு அதிகம். வர்ணனையாளர்களில் எவரும் வெறுப்பு உமிழவில்லை. கூட்டிப் பார்த்தபோதுதான் சாய்வு தெரிந்தது. மாரத்தானில் வேகத்தைப் பங்கிடும் கணக்கு, எதிரியைத் தளரவிட்டு 35-ஆவது கிலோமீட்டரில் பிரிந்து ஓடும் துணிச்சல் எல்லாம் மூளை வேலை. அதையும் வாய்க்கு வாய் 'இயல்பான திறமை' என்று சொல்லிவிட்டால் வேறென்ன மிஞ்சும்?

அடுத்தது பணம். 'வந்து பரிசை அள்ளிக்கொண்டு போகிறார்கள்' என்ற புகார் அமெரிக்க, ஐரோப்பியப் பந்தயங்களைச் சுற்றி 1990-கள் முதல் கேட்கிறது. அள்ளுவது எவ்வளவு? 2014-இல் பாஸ்டனின் முதல் பரிசு 1,50,000 டாலர். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு வரிப் பிடித்தம் 30 சதவீதம், 45,000 போயிற்று. முகவருக்கு வழக்கமான கமிஷன் 15 சதவீதம், 22,500 போயிற்று. மிச்சம் 82,500. வரிக் கணக்குத் தாக்கல் செய்தபின் இது சற்றுக் கூடலாம், குறையலாம். இதற்கான உழைப்பை வாரம் 200 கிலோமீட்டர், 16 வாரம் என்று வைத்தால் 3,200 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 26 டாலருக்கும் சற்றுக் குறைவு. இது ஜெயித்தவருக்கு. இரண்டாவதாக வந்தால் பரிசு 75,000 டாலர்தான். 2019-இல் லாரன்ஸ் செரோனோ 2:07:57, லெலிசா டெசிசா 2:07:59. அந்த 2 விநாடியின் விலை 75,000 டாலர். இத்தனைக்கும் உடம்பு தாங்குவது ஆண்டுக்கு இரண்டு மாரத்தான்தான். பெருமளவு பேர் பரிசு வரிசைக்கே வராமல் ஊர் திரும்புகிறார்கள்.

அந்த டெசிசாவைப் பற்றியும் ஒரு வரி சொல்லியே ஆகவேண்டும். 2013-இல் பாஸ்டனை வென்றவர் அவர். குண்டுவெடிப்பு நடந்து இரண்டு மாதத்தில் மறுபடி பாஸ்டன் வந்து, தான் ஜெயித்த பதக்கத்தை நகரத்துக்கே திருப்பிக் கொடுத்தார். பரிசை அள்ளிப் போகிறவர் என்ற கணக்கில் இதை எங்கே எழுதுவது?

புகார் சில இடங்களில் விதியாகவே மாறியது. 2011-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் மாரத்தான், நெதர்லாந்துக்காரர் ஜெயித்தால் 10,000 யூரோ, வெளிநாட்டவர் ஜெயித்தால் 100 யூரோ என்று வைத்தது. அதே 42.195 கிலோமீட்டர், நூறில் ஒரு பங்கு கூலி. 2019-இல் இத்தாலியின் ட்ரியெஸ்டே அரை மாரத்தான் அமைப்பாளர்கள், முகவர்கள் ஆப்பிரிக்கர்களைச் சுரண்டுகிறார்கள் என்று காரணம் சொல்லி, ஆப்பிரிக்க ஓட்டக்காரர்களை அழைக்கப் போவதில்லை என்றார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் பின்வாங்கினார்கள். சுரண்டல் இருந்தால் சுரண்டியவரைத் தடுக்க வேண்டும். சுரண்டப்பட்டவரின் பிழைப்பை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லாமல் விடக் கூடாது. 2024 மும்பை மாரத்தானில் ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 50,000 டாலர், இந்தியப் பிரிவில் முதலாவதாக வருபவருக்கு 5 லட்சம் ரூபாய். பணத்தில் அங்கே பாகுபாடு இல்லை. ஆனால் 2023-இல் 2:07:32 என்று தடச் சாதனையோடு வென்று, 2024-இல் மறுபடி வென்ற எத்தியோப்பியர் ஹெய்லே லெமி, 2016-இல் பாஸ்டனையே வென்றவர். பாஸ்டன் சாம்பியன் மும்பைத் தெருவில் ஓடுகிறார் என்பது நம் விளையாட்டுப் பக்கங்களுக்குப் பெரிய தலைப்பாக இருந்திருக்க வேண்டும்.

ஊக்கமருந்து விஷயத்தைத் தொடாமல் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. ரூத் செப்ன்கெடிச் 2024 அக்டோபரில் சிகாகோவில் 2:09:56 ஓடி, 2:10-ஐ உடைத்த முதல் பெண் ஆனார். உடனேயே செய்தியாளர் சந்திப்பில் சந்தேகக் கேள்வி வந்தது. கேட்டவரைப் பலர் இனவாதி என்றார்கள். 2025 மார்ச்சில் எடுத்த மாதிரியில் ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற மருந்து சிக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் 3 ஆண்டுத் தடை வந்தது. ஆக, கடினமான கேள்வி கேட்பதே பாகுபாடு என்று சொல்ல முடியாது. கேட்கத்தான் வேண்டும். நான் கேட்பதெல்லாம், சந்தேகம் ஓர் ஆளின் பெயரில் எழுதப்பட வேண்டும், ஒரு நாட்டின் பெயரில் அல்ல என்பதுதான். ஏனென்றால் ஏமாற்றும் ஆப்பிரிக்கரால் முதலில் அடிபடுபவர், பக்கத்தில் நேர்மையாக ஓடிய இன்னொரு ஆப்பிரிக்கர்.

அதற்குச் சாட்சி, மெப் ஜெயித்த அதே 2014 ஏப்ரல் 21. அன்று பெண்கள் ஓட்டத்தில் கென்யாவின் ரீட்டா ஜெப்டூ 2:18:57-இல் முதலாவது, எத்தியோப்பியாவின் புஸுனேஷ் டெபா 2:19:59-இல் இரண்டாவது. அந்த ஆண்டே ஜெப்டூ ஊக்கமருந்தில் பிடிபட்டார். பின்னர் வெற்றி பறிக்கப்பட்டது. வெற்றியாளர் டெபா. தடச் சாதனையும் அவருடையது. அவருக்கு வரவேண்டிய நிலுவை இப்படி: முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் வித்தியாசம் 75,000 டாலர், தடச் சாதனை ஊக்கத்தொகை 25,000 டாலர், மொத்தம் 1,00,000 டாலர். பட்டம் மாறியது, பணம் வரவில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வாழ்ந்த டெபா ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 2024-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதை எழுதியது. படித்த பென்சில்வேனியாக்காரர் ஒருவர், முன்பின் அறியாதவர், தன் கைப்பணத்திலிருந்து 75,000 டாலர் அனுப்பினார். பாஸ்டன் தடகளச் சங்கம் பழைய நிலுவைகளை வழங்கும் ஏற்பாட்டை அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

மெப், டெபா இருவரும் அண்டை நாடுகளில் பிறந்தவர்கள், ஒரே நிறம், ஒரே நாளில் ஒரே சாலையில் ஜெயித்தவர்கள். ஒருவர் கதையை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இன்னொருவர் பத்து ஆண்டு தன் கூலிக்குக் காத்திருந்ததை ஒரு நாளிதழ் எழுதும்வரை வெளியில் அதிகம் பேர் அறியவில்லை. இங்கே நிறம் மட்டும் வேலை செய்யவில்லை, பாஸ்போர்ட்டும் பெண் என்பதும் சேர்ந்தே வேலை செய்தன. ஆனால் எழுதியவுடன் பணம் அசைந்தது. ஒரு செய்திக்கு அவ்வளவு வலு இருக்கிறது என்றால், எழுதாமல் விட்ட ஆண்டுகளுக்கும் செய்தியறைகள் பொறுப்பேற்க வேண்டும்.

டெபாவின் 2:19:59 பாஸ்டனின் பெண்கள் தடச் சாதனையாக 2025 வரை நின்றது. அந்த ஆண்டு கென்யாவின் ஷாரன் லோகெடி 2:17:22 ஓடி அதை முறியடித்தார். இனி 2014-ஐப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் மெப் கெஃப்லெஸிகி 2:08:37 என்று எழுதிய கையோடு, புஸுனேஷ் டெபா 2:19:59 என்றும் சேர்த்து எழுத வேண்டும்.